திருமலையில் ஒரு ஹொரர் கெம்பெயினுக்குக் கதை தேடுதல்

திருமலைக்குச் சுற்றுலா வாற யாரையும் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனால், மலை விளிம்பில் நிற்கிற ஒரு கல்தூணைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுவாங்க. பிரான்சினா வான் றீட் என்று ஒரு ஒல்லாந்துப் பெண். காதலன் அவளை விட்டுட்டுக் கப்பலேறிப் போறான். கப்பல் குடாவைத் தாண்டுறதை மலை உச்சியில் நின்று பார்த்தவள் அப்படியே கீழே குதிக்கிறாள். தூணில் அவளுடைய பெயரும் 1687 ஏப்ரல் 24 என்ற திகதியும் வெட்டியிருக்கு. பொழுதுபட்ட பிறகு அந்தப் பக்கம் தனியப் போகாதேங்கோ என்று ஆட்டோ அண்ணாமார் கடைசியில் ஒரு வரி சேர்ப்பாங்க.

நல்ல கதைதான். கடல், காதல், கோட்டை, வெள்ளைக்காரி என்று ஹொரருக்குத் தேவையான எல்லாம் இருக்கு. ஒரே சிக்கல், அந்தப் பெண் சாகவில்லை.

பிரான்சினா, ஹென்ட்றிக் வான் றீட் என்ற ஒல்லாந்துக் கம்பனி ஆணையாளரின் வளர்ப்பு மகள். மலபார்ச் செடிகொடிகளைப் பற்றி 12 பாகங்களில் வந்த ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’ நூலைத் தொகுப்பித்த அதே வான் றீட்தான். அவர் 1691இல் சூரத்துக்குப் போகிற வழியில் கப்பலில் இறந்துபோனார். அதற்குப் பிறகும் மகள் உயிரோடு இருந்து கலியாணமும் முடித்ததை ஒல்லாந்து ஆவணங்கள் காட்டுகின்றன. தூணில் இருக்கிற ஒல்லாந்துச் சொல்லுக்கு அர்த்தம் ‘நினைவாக’ என்பது மட்டுந்தான். தமிழிலும் அந்தச் சொல்லுக்கு இந்தக் குழப்பம் இருக்கு. செத்தவருடைய நினைவாகவும் தூண் நடலாம், வந்து போனவருடைய நினைவாகவும் நடலாம். முதலாவது அர்த்தத்தை யாரோ பிடித்துக்கொள்ள, மிச்சத்தை முந்நூறு வருஷமாக ஊர் சேர்ந்து எழுதியிருக்கு.

அந்தப் பெண்ணை விட்டுவிட்டுத் தூணைப் பாருங்கள். அது உடைக்கப்பட்ட கோணேசர் கோயிலின் தூண்களில் ஒன்று என்று சொல்லப்படுகிறது. ஒரு கோயிலை இடிக்கிறார்கள். மிஞ்சின தூணில் பிறகு வந்தவன் தன் வீட்டுப் பிள்ளையின் பெயரை வெட்டுகிறான். இந்த இடத்தில் குதித்துச் செத்தது யார் என்று கேட்டால் ஊருக்கு நினைவில் வாறது அந்தப் பிள்ளை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது இதை யோசித்தபோதுதான், ஆட்டோ அண்ணா சொன்னபோது இல்லை.

இதையெல்லாம் நான் ஏன் தோண்டினேன் என்றால், எங்கட செட்டுக்கு ஒரு ஹொரர் கெம்பெயின் எழுத வேண்டியிருந்தது. மேசை ரோல்பிளே தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: நாலைந்து பேர் மேசையைச் சுத்தி இருந்து ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, டைஸ் உருட்டி, வாயாலேயே ஒரு கதையை நடத்துறது. ஒருத்தர் கேம் மாஸ்டர். உலகத்தையும் மற்ற எல்லா ஆட்களையும் அவர் பார்த்துக்கொள்ள வேணும். ஒரே கதையைப் பல அமர்வுகளாக இழுத்தால் அது கெம்பெயின். 1974இல் வந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’தான் இந்த வகைக்குத் தாய். ஹொரருக்கு என்று எல்லாரும் முதலில் எடுக்கிறது 1981இல் சாண்டி பீற்றர்சன் உருவாக்கின ‘கோல் ஒஃப் குதுல்ஹு’. அதில் நீங்கள் வீரர் இல்லை. நூலகர், பத்திரிகைக்காரர், டொக்டர் மாதிரிச் சாதாரண ஆள். உயிருக்குப் புள்ளி இருக்கிற மாதிரி மனநிலைக்கும் ஒரு புள்ளி இருக்கு. பழைய ஆவணங்களை வாசிக்க வாசிக்க உண்மை தெரியவரும், அந்தப் புள்ளி குறையும். வாள் வீசத் தெரிந்தவனைவிட நூலகத்தில் தேடத் தெரிந்தவனுக்கு மதிப்புள்ள விளையாட்டு. கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று வராது.

ஆனால் அது அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பக்கத்துக்கு எழுதினது. குளிர், மூடுபனி, பழைய மரவீடு. அதைத் தூக்கிக்கொண்டு வந்து உவர்மலையில் வைத்தால் வியர்வையில் நனைந்துபோகும். இதைவிடப் பெரிய பிரச்சினை அதன் மூலக்கதைகளை எழுதின லவ்கிராப்ட். மனிசனுக்குக் கற்பனை அபாரம், இனவாதமும் அதே அளவுக்கு. 1928இல் வெளிவந்த அந்தப் பெயர்க் கதையிலேயே இரகசிய வழிபாடு செய்யிற ஆட்கள் யார் என்று பார்த்தால் கலப்பினக் கப்பல்காரர்கள், துறைமுகத்து ஏழைகள், வெள்ளையரல்லாதவர்கள். துறைமுக ஊரில் பிறந்த ஒருத்தர் அந்தக் கதைக்குள் போனால், கண்டுபிடிக்கிறவராக இல்லை, கண்டுபிடிக்கப்படுகிறவராகத்தான் நிற்க வேண்டியிருக்கும். அதனால் ஊர்ப் பெயரை மாத்தினால் மட்டும் காணாது. எங்கட இடத்தில் யார் எதற்குப் பயந்தார்கள் என்று முதலிலிருந்து தேடினேன்.

முதலில் போனது கோட்டை வாசலுக்கு. 1622இல் கொன்ஸ்தந்தீனு டி சா என்ற போர்த்துக்கேயத் தளபதியின் காலத்தில் கோணேசர் கோயில் இடிக்கப்பட்டது. மலையில் ஒன்றல்ல, மூன்று கோயில்கள் இருந்ததாகப் போர்த்துக்கேயரே எழுதி வைத்திருக்கிறார்கள். சித்திரைப் புத்தாண்டன்று சுவாமி வெளிவீதி போன நேரம் பார்த்து, ஐயர் வேஷம் போட்டுக்கொண்டு சிப்பாய்கள் உள்ளுக்குப் போனார்கள் என்பது ஊர் வழக்கு. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் அந்தக் கல்லிலேயே கோட்டை எழும்பியது. அந்தக் கோட்டைக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள்: 1639இல் ஒல்லாந்தர், 1782 ஜனவரியில் ஆங்கிலேயர், அதே வருஷம் ஓகஸ்ட்டில் பிரெஞ்சுக்காரர், பிறகு திரும்ப ஒல்லாந்தர், 1795இல் மறுபடி ஆங்கிலேயர். 1803இல் இங்கிலாந்து இளவரசன் ஒருவனின் பெயரை வைத்து பிரட்ரிக் கோட்டை ஆக்கினார்கள். இன்றைக்கும் உள்ளே இராணுவம், நடுவில் மான்கள், மேலே போனால் கோயில். சாமி கும்பிடப் போறவர் முகாமுக்குள்ளால்தான் போக வேணும்.

வாசல் கல்லில் இரட்டை மீன் சின்னம் இருக்கு. பக்கத்தில் உடைந்த ஒரு தமிழ்க் கல்வெட்டு. குளக்கோட்டன் கட்டின கோயிலைப் பறங்கி பிரிப்பான், அதற்குப் பிறகு பூனைக்கண் உள்ளவனும் சிவந்த கண் உள்ளவனும் புகைக்கண் உள்ளவனும் ஆளுவார்கள் என்று எதிர்காலம் சொல்லுகிற பாட்டு அது என்பது மரபு. ஆனால் கல்லில் முழுப்பாட்டும் இல்லை, அரைகுறைச் சொற்கள்தான் மிச்சம். நாங்கள் முழுசாகச் சொல்லுற வடிவம் வாய்மொழியால் இட்டு நிரப்பப்பட்டது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், இடித்தவர்களே இந்தக் கல்வெட்டைப் பிரதியெடுத்துப் போர்த்துக்கலுக்கு அனுப்பினார்கள் என்பது. உன் கையால் அழியும் என்று எழுதியிருக்கிற கல்லை உன் கையாலேயே உடைத்து, அதை நீயே பெயர்த்தெழுதி, உன் அரசனுக்கு அனுப்புறாய். அந்தப் பிரதியை எழுதின எழுத்தனை ஒரு நிமிஷம் யோசியுங்கள். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஒருவர் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டியிருக்க வேணும். வாசித்துக் காட்டினவர் என்ன மனநிலையில் இருந்திருப்பார்? எந்தச் சொல்லையாவது மாத்திச் சொல்லியிருப்பாரா? ஒரு முழு அமர்வையே இந்த இரண்டு பேரை மட்டும் வைத்து நடத்தலாம்.

ஹொரர் ரோல்பிளேயில் ஹேண்ட்அவுட் என்று ஒன்று இருக்கு. கேம் மாஸ்டர் கடதாசியில் தயாரித்து மேசையில் வைக்கிற பழைய கடிதம், வரைபடம், பத்திரிகைத் துண்டு. 1984இல் வந்த ‘மாஸ்க்ஸ் ஒஃப் நியார்லதோடெப்’ என்ற கெம்பெயின் இன்றைக்கும் பேசப்படுவதற்கு அதன் ஹேண்ட்அவுட்களும் ஒரு காரணம். இங்கிருக்கிற ஆளுக்கு அப்படி ஒன்றைக் கற்பனை பண்ணவே தேவையில்லை. அரைவாசி எழுத்து உதிர்ந்த கல்வெட்டைக் கையால் வரைந்து வைத்தால் போதும்.

இடிபட்ட பிறகு நடந்ததும் கதைக்குள் வரும். ஆங்கிலேயர் காலத்தில் மலையில் கோயில் இல்லை. ஆனாலும் ஐயர் ஒருவர் விளிம்பில் நின்று, பூவும் தேங்காயும் கற்பூரமும் கடலை நோக்கிப் படைப்பார். கீழே சனம் கும்பிட்டபடி நிற்கும். வெள்ளைக்காரப் பயணிகள் இதை எழுதியும் வரைந்தும் வைத்திருக்கிறார்கள். வெளியாள் பார்வையில் வெறுங்கடலைக் கும்பிடுற விநோதக் கூட்டம், லவ்கிராப்ட் கதைக்குள் அப்படியே போடலாம். உள்ளிருந்து பார்த்தால் அவர்களுக்குத் தங்கட கோயில் எங்க கிடக்குது என்று தெரியும். அது உண்மையாகவே அங்கதான் கிடந்தது. 1950இல் கோயிலுக்குக் கிட்டக் கிணறு வெட்டும்போது சோமாஸ்கந்தர், பார்வதி, சந்திரசேகரர் என்று சோழர் கால வெண்கலச் சிலைகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியில் சுழியோடி, செதுக்கின தூண்களைக் கண்டார்கள். ‘2001’ எழுதின அதே கிளார்க்தான். விண்வெளிக் கதை எழுதின மனிசன் எங்கட கடலுக்குள் கோயில் பார்த்திருக்கிறார். 1963இல் கோயில் திரும்பக் கட்டிக் கும்பாபிஷேகம் நடந்தது.

அடுத்தது குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூர். 1659 கடைசியில் மசூலிப்பட்டினக் கரையில் புயலில் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், திருத்த வேலைக்குக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660 ஏப்ரலில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவனையும் அவன் மகன் ரொபர்ட் நொக்ஸையும் இன்னும் பல மாலுமிகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். வரவேற்பு, பரிசு, மரநிழலில் பேச்சு, பிறகு சுற்றிவளைப்பு. 1893இல் அந்த மரத்தடியில் ‘வெள்ளைக்காரன் மரம்’ என்று கல் நட்டார்கள். தகப்பன் அடுத்த வருஷமே காய்ச்சலில் செத்துப்போனார். புதைக்க உதவி கேட்ட மகனுக்குக் கிராமத்தில் கொடுத்தது மாடு கட்டுற கயிறு, கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்ப் போடு என்று. நொக்ஸ் 19 வருஷம் மலைநாட்டில் இருந்து, 1679இல் அரிப்புக்குத் தப்பி வந்து, 1681இல் லண்டனில் புத்தகம் போட்டார்.

அந்தப் புத்தகத்தில் எனக்கு வேண்டினது ஒரு பந்திக்குள்ளேயே இருந்தது. இரவில் பிசாசு சத்தமாகக் கூவும், தானே கேட்டிருக்கிறேன் என்கிறார் நொக்ஸ். நாய் குரைக்கிற மாதிரிக் கூர்மையான சத்தம். ஒரு இடத்தில் கேட்கும், எந்தப் பறவையும் பறக்க முடியாத வேகத்தில் இன்னொரு இடத்தில் கேட்கும். அது கேட்டால் நாய்கள் நடுங்கும். இதுவரை எல்லா நாட்டிலும் இருக்கிற பேய்க்கதைதான், இப்ப உலமா என்ற பறவைக் கதையோடு சேர்த்துப் பேசுறார்கள். ஆனால் அவர் இன்னொன்றும் கவனித்திருக்கிறார். அந்தச் சத்தம் கேட்டதற்குச் சற்று முந்தியோ, கேட்ட உடனேயோ, அரசன் ஆட்களைக் கொல்லுவது வழக்கம்.

இதை வாசித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்தேன். நொக்ஸ் காரண காரியம் விளங்கப்படுத்தவில்லை, பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போகிறார். சனம் பிசாசைத் திட்டுது. அரசனைத் திட்ட முடியாதுதானே. பிரான்சினா கதையிலும் இதே அமைப்புத்தான்: கோயிலை உடைத்தவன் கதையில் இல்லை, காதல் தோல்வி மட்டும் இருக்கு. எங்கட பக்கத்துப் பேய்களைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் அடியில் யாரோ ஒரு அதிகாரி நிற்கிறான் என்று எனக்குப் படத் தொடங்கியது இங்கதான். விளையாட்டுக்கு இது அருமையான விதி. வரைபடத்தில் சத்தம் ஊர் ஊராக நகரும். சத்தம் கேட்ட ஊரில் அடுத்த நாள் ஒரு ஆள் இருக்கமாட்டார். வீரர்கள் பிசாசைத் தேடிக்கொண்டே போவார்கள்.

எங்கட சொந்தப் பூதங்களையும் பார்க்காமல் விடவில்லை. கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டனுக்காகப் பூதங்கள் கட்டின என்பது ஊரறிந்த கதை. ஆனால் அந்தப் பூதங்கள் பயமுறுத்துவதில்லை, வேலை செய்கின்றன. மண் சுமக்கிற பூதத்தைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை, பாவமாகத்தான் இருக்கு. 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் அதே கந்தளாய் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட சனம் வெள்ளத்தில் செத்தது. அந்தக் குடும்பங்கள் இன்றைக்கும் அங்கேயே இருக்கு. கந்தளாயைக் கெம்பெயினில் இருந்து எடுத்துவிட்டேன்.

கொடியதில் கொஞ்சம் சிரிப்பு: பேய்மாளிகைக் கதைகளை வாசித்து வாசித்து எல்லாத்தையும் மர்மமாகப் பார்க்கிற பெண்ணைக் கிண்டலடித்து ஜேன் ஓஸ்டின் ‘நோர்தாங்கர் அபே’ எழுதினார் அல்லவா. அவருடைய தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஓஸ்டின், 1852இல் பர்மாவில் இறந்து, புதைக்கப்பட்டது திருமலையில். அக்கா பேய்க்கதைப் பைத்தியங்களை நக்கலடித்தார், தம்பி பேய்க்கதைக்கு ஏற்ற சவக்காலையில் கிடக்கிறார். இதைக் கெம்பெயினில் எங்கேயும் சொருக முடியவில்லை, இங்கயாவது சொல்லி வைக்கிறேன்.

கடைசியில் நான் தெரிவு செய்த காலம் 1942. சீனக்குடாவில் காட்டுக்குள் வரிசை வரிசையாக நிற்கிற எண்ணெய்க் குதங்களை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீங்கள். 2022 ஜனவரியில் அந்த 99 குதங்களையும் பங்கு பிரித்து ஒப்பந்தம் போட்டார்கள்: பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, லங்கா ஐஓசிக்கு 14, இரண்டுக்கும் கூட்டாக 61. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 12,000 தொன் கொள்ளும். பிரித்தானியக் கடற்படைக்காக 1920களிலும் 30களிலும் கட்டினது. அப்ப 101 இருந்தது. 1942 ஏப்ரல் 9 காலையில் நகுமோவின் விமானங்கள், பேர்ள் துறைமுகத்தை அடித்த அதே அணி, திருமலைக்கு வந்தன. ஒரு ஜப்பானிய விமானம் குதம் ஒன்றில் போய் மோதியது, நாள் கணக்கில் எரிந்தது என்று சொல்லுவாங்க. அந்த இடத்தில் உருகி மடிந்த இரும்பு இப்பவும் கிடக்கு. முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறின ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் தப்பவில்லை, மட்டக்களப்புக் கடலில் 300க்கு மேற்பட்ட ஆட்களோடு தாண்டது. துறைமுகத்துக்குள் நின்ற ‘சகாயிங்’ என்ற பயணிகள் கப்பலும் குண்டுபட்டு, பிறகு அங்கேயே தாழ்க்கப்பட்டது. 75 வருஷம் தண்ணிக்குள் கிடந்ததை 2018இல் கடற்படை மிதக்க வைத்து, வேறு இடத்தில் கொண்டுபோய்த் திரும்பத் தாழ்த்தது. ஒரு கப்பலை எழுப்பி மறுபடி புதைக்கிறது. இதற்கு மேலே நான் என்ன கற்பனை பண்ண?

1942ஐ எடுத்ததற்கு இன்னொரு காரணம், அதில் கப்பல்களின் பெயர் இருக்கு, விமானங்களின் கணக்கு இருக்கு, தளபதிகளின் வாழ்க்கை வரலாறு இருக்கு. குதங்களில் வேலை செய்த கூலி ஆட்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்கள் அந்தப் பக்கங்களில் பெரும்பாலும் பெயரில்லாமல் வந்து போகிறார்கள். எங்கட பாத்திரங்கள் அவர்கள்தான். ஒரு தமிழ்க் கிளாக்கர், மூதூரில் இருந்து வள்ளத்தில் வாற ஒரு முஸ்லிம் ஆள், ஒரு சிங்களப் பொருத்துநர், ஒரு மருத்துவமனைத் தாதி. கதைக்குக் கரு: கிளாக்கரிடம் இருக்கிற சம்பளப் பதிவேட்டில் குண்டுவீச்சுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு பெயர் அழிந்துபோகுது. அந்த ஆளைப் பற்றிக் கேட்டால் அப்படி ஒருத்தர் இருந்ததாக மேலதிகாரி யாருக்கும் தெரியாது. எரிகிற குதத்தின் பக்கமிருந்து இரவில் நாய் குரைக்கிற மாதிரி ஒரு சத்தம்.

இங்கதான் நான் ஒரு கிழமை எழுதாமல் நின்றேன்.

ஹொரர் கெம்பெயின் என்றால் நிலக்கீழ் அறை ஒன்று இருக்க வேணும் என்பது எழுதாத சட்டம். பழைய கோட்டை, பூட்டின கதவு, கீழே இறங்குற படி. ‘டன்ஜன்’ என்ற சொல்லே அதுதானே. எங்கட துறைமுகத்தில் அதற்கு நிஜமான முகவரி இருக்கு. 2015 நவம்பரில் இலங்கைக்கு வந்த ஐநாவின் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான செயற்குழு, திருமலைக் கடற்படைத் தளத்துக்குள் நிலத்துக்குக் கீழே இருந்த இரகசியத் தடுப்பு இடத்தைப் பார்த்தது, அதைப் பகிரங்கமாகவும் சொன்னது. 2008, 2009 காலத்தில் கடத்தப்பட்ட 11 இளைஞர்களின் வழக்கில் அடிபடுகிற இடம் அது. கடற்கரையில் காந்தி சிலைக்குக் கிட்ட 2006 ஜனவரி 2இல் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எங்கட வயசுதான் அவர்களுக்கு. குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். நொக்ஸ் பிடிபட்ட அதே மூதூரில் 2006 ஓகஸ்ட்டில் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்த 17 பேர் கொல்லப்பட்டார்கள்.

பதிவேட்டில் இருந்து பெயர் அழியுது என்று நான் எழுதினது 1942க்கு. ஆனால் இந்த ஊரில் அதை வாசிக்கிற யாருக்கும் 1942 ஞாபகம் வராது. கோல் ஒஃப் குதுல்ஹுவில் ஆவணத்தைத் தேடி வாசிக்கிறவருக்கு அறிவு கூடும், மனநிலைப் புள்ளி குறையும், அதுதான் அந்த விளையாட்டின் இதயம். வடக்குக் கிழக்கில் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும் போற அம்மாமாருக்கு நடக்கிறது நேர்மாறு. கண்டுபிடித்ததால் இல்லை, கண்டுபிடிக்க முடியாததால் குறையுது. அதை நான் டைஸ் உருட்டித் தீர்மானிக்கலாமா?

எங்கட செட்டில் ஒருத்தன் நேரே கேட்டான். ‘மச்சான், அப்ப ஒல்லாந்துக்காரியின்ட சாவோட விளையாடலாம், நொக்ஸின்ட தகப்பனின்ட சாவோட விளையாடலாம். எங்கட ஆக்கள் எண்டா மட்டும் மூடி வைக்கிறதா? மூடி வைச்சு மூடி வைச்சுத்தானே எல்லாக் கதையும் அவங்கட கதையாப் போச்சு?’ எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவன் சொல்லுறதில் பாதி சரி. பிரான்சினா கதையே அதற்குச் சாட்சி: எங்கட சாவைச் சொல்லாத இடத்தில் இன்னொருத்தியின் சாகாத சாவு வந்து குந்திக்கொண்டது.

ஆனாலும் எனக்கு ஒரு வித்தியாசம் தெரியுது, அது வருஷக் கணக்கில் இல்லை. 80 வருஷம் ஆனால் சரி, 20 வருஷம் என்றால் பிழை என்று அளக்க முடியாது. நொக்ஸின் தகப்பனுக்காக இப்ப யாரும் காத்துக்கொண்டு இல்லை. அவர் எங்க, எப்படிச் செத்தார் என்பது எழுதியிருக்கு, மகனே புதைத்திருக்கிறான். வழக்கு முடியாத, உடல் கிடைக்காத, தாய் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிற ஒருத்தரை நான் விளையாட்டில் பேயாக்கினால், அவர் செத்துப்போனார் என்று நான் தீர்மானித்ததாக ஆகிவிடும். அவரைப் பற்றித் தெரிந்தவர்கள் வாய் திறக்காமல் இருக்கையில், ஐந்து பேர் பிளேன்ரீ குடித்துக்கொண்டு அதை முடிவெடுக்க முடியாது.

அதனால் செய்த மாற்றங்கள். நிலக்கீழ் அறை இல்லை, கெம்பெயின் முழுக்க வெட்டவெளியில் நடக்கும்: குதங்களுக்கு நடுவில் இருக்கிற காடு, குடா, மலை விளிம்பு. வெயிலில் ஹொரர் எழுதுறது கஷ்டம், ஆனால் குண்டு விழுந்ததும் காலையில்தான். அழிகிற பெயர்களைத் திரும்ப எழுதலாம் என்று ஒரு விதி சேர்த்தேன். அந்த ஆளைப் பற்றி ஒரு விஷயம், எந்தச் சாப்பாடு பிடிக்கும், எப்படிச் சிரிப்பார் என்று ஏதாவது ஒன்றை, வீரர் ஒருவர் சொல்ல வேணும். சொன்னால் டைஸ் இல்லாமலேயே பெயர் பதிவேட்டில் நிற்கும். சொல்ல வராவிட்டால் அழியும். நண்பன் கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். விளையாடிப் பார்ப்போம் என்றான்.

இன்னொன்று, மேசை நடுவில் எக்ஸ் போட்ட ஒரு அட்டை. ஜோன் ஸ்டவ்ரோபுலோஸ் என்பவர் உருவாக்கின முறை. கதை யாருக்காவது தாங்க முடியாமல் போனால் அட்டையைத் தொட்டால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை, அந்தக் காட்சி அப்படியே நிற்கும். மற்ற நாடுகளில் இதைப் பற்றி ‘இவ்வளவு மென்மையா இருந்தா என்ன ஹொரர்’ என்று சண்டை பிடிக்கிறார்கள். எங்கட மேசையில் இருக்கிற ஐந்து பேரில் யாருடைய வீட்டில் யார் இல்லை என்று எனக்கு முழுசாகத் தெரியாது. கேட்கவும் போறதில்லை. அட்டை இருக்கட்டும்.

முதல் அமர்வுக்கு ஹேண்ட்அவுட் இரண்டு தயார். ஒன்று, கோட்டை வாசல் கல்வெட்டு, கையால் வரைந்தது. உதிர்ந்த எழுத்துகளை நான் நிரப்பவில்லை. மற்றது சம்பளப் பதிவேட்டின் ஒரு பக்கம், தேத்தண்ணியில் நனைத்துக் காயவைத்தது. இருபது பெயர் எழுத வேணும், பதின்மூன்று எழுதியிருக்கிறேன். எந்தப் பெயரை எழுதினாலும் ஊரில் அந்தப் பெயரில் யாரோ இருக்கிறார்கள் அல்லது இருந்தார்கள். மிச்சம் ஏழையும் விளையாட வாற ஆட்களே எழுதட்டும் என்று விட்டிருக்கிறேன். பத்துப்பக்க டைஸ் இரண்டு தேவைப்படும், திருமலைக் கடைகளில் இல்லை. யாராவது கொழும்பில் இருந்து வாறதாக இருந்தால் சொல்லுங்கோ.